டிஃபரன்ஷியலுக்கு வெல்டிங் வைத்தியம்

டிராக் ரேஸ் பார்க்கப் போகிறவர் கண்ணில் படுவது பச்சை விளக்கு, டயர் புகை, 402 மீட்டர், அவ்வளவுதான். அந்தக் காரின் அடிவயிற்றில் என்ன அராஜகம் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். சில கார்களில் சென்டர் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்துக் கட்டையாக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். ஆமாம், சுழல்வதற்கென்றே செய்த கியர்களை!

அமெரிக்கப் பட்டறைகளில் இந்த வைத்தியத்துக்கு வந்து படுக்கிறவை மிட்சுபிஷி எக்லிப்ஸ் ஜிஎஸ்எக்ஸ், ஈகிள் டாலன் டிஎஸ்ஐ போன்ற 1990களின் ஆல் வீல் டிரைவ் கார்கள். இரண்டு லிட்டர் 4ஜி63 டர்போ இன்ஜின். பூஸ்ட்டை ஏற்றினால் பிசாசு. வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின்சக்கரங்கள் சின்ன வட்டம். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல். இரண்டு சன் கியர், குறுக்கே ஒரு பின், அதில் ஸ்டார் பினியன்கள். நம்மூர் லாரி ஹவுசிங்கைத் திறந்து பார்த்தவர்களுக்குப் பழகிய சாமான்தான், சைஸ் மட்டும் சின்னது. பக்கத்தில் சிலிக்கோன் திரவம் அடைத்த விஸ்கஸ் கப்ளிங் ஒன்று. முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால் அது இறுகிப் பிடிக்கும்.

கிளட்சை டமாலென்று விடும்போது வருகிறது வினை. முன் ஜோடி, பின் ஜோடி இரண்டில் ஒன்று வழுக்கிச் சுற்ற, மற்றது தயங்க, ஸ்டார் பினியன்கள் பின்னின் மேல் கன்னாபின்னாவென்று சுழலும். ஆயில் போதாது. அந்தக் குறுக்குப் பின் கருகும், பினியன் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், பல் தெறிக்கும். அப்புறம் எந்த கியர் போட்டாலும் இன்ஜின் உறுமும், கார் நகராது.

புதுசு வாங்கலாம். ஸ்பூல் என்று கட்டையாகவே செய்த உருப்படியும் கிடைக்கிறது. ஆனால் கையில் காசில்லை, வெல்டிங் மிஷின் இருக்கிறது என்றால்? இங்கேதான் கூத்து ஆரம்பம்!

கியர் பாக்ஸை இறக்கி, பிரித்து, டிஃபரன்ஷியலை மேஜைக்குக் கொண்டுவருகிறார்கள். விஸ்கஸ் கப்ளிங்கை முதலில் கழற்றித் தூரமாக வைத்துவிட வேண்டும். சூடேறினால் உள்ளே அடைத்த திரவம் பொங்கி வெடிக்கும். அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, ஈரம் காயும் முன்னே ஆர்க் அடித்தால் பாஸ்ஜீன் கிளம்பும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. குளோரின் இல்லாத கிளீனர் வாங்குங்கள்.

கியர்ப் பல்லின் மேற்தோல் கார்பன் ஏற்றிக் கெட்டியாக்கியது. அதன் மேல் நேரே ராட் வைத்தால், ஆறும்போது “டிங்” என்று ஒரு சத்தம் கேட்கும். விரிசல்! போட்ட உழைப்பெல்லாம் போச்சு. அதனால் மேற்தோலைக் கிரைண்டரால் சீவி, இரும்பை நன்றாகச் சூடேற்றி, கொஞ்சம் இழுபடும் தன்மையுள்ள 309 ஸ்டெயின்லெஸ் ராட் பிடிக்கிறார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உலோகக் குழம்பு இறங்கி நிரம்புவதைக் கறுப்புக் கண்ணாடி வழியே பார்ப்பது இருக்கிறதே, ஆகா! முடிந்ததும் வெல்டிங் போர்வையில் கைக்குழந்தையைப் போலச் சுற்றி, மெல்ல ஆறவிடுகிறார்கள். ஆறிய பிறகு தெறித்த மணிகளை ஒன்றுவிடாமல் சுரண்ட வேண்டும். ஒரு மணி உள்ளே தங்கினாலும் பேரிங் காலி.

மாட்டியாயிற்று. இப்போது முன்ஷாஃப்டும் பின்ஷாஃப்டும் ஒரே வேகம், மறு பேச்சில்லை. நேர்கோட்டில் நாலு சக்கரமும் சேர்ந்து உதைத்துக்கொண்டு பாயும். பின் ஆக்சில் ஒன்று முறிந்தாலும் முன்சக்கரம் இழுத்துக்கொண்டு வீடு சேர்க்கும். பனியிலும் சரளையிலும் ஜோர். காய்ந்த தாரில் பார்க்கிங் திருப்பம்தான் தமாஷ்: டயர் கீச்சிடும், கார் நொண்டியடிக்கும், ஷாஃப்டுகள் முறுக்கேறும், டிரான்ஸ்ஃபர் கேஸ் முனகும். நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருந்தாக வேண்டும். ஹேண்ட் பிரேக் இழுத்தால் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும்.

என் தீர்ப்பு: டிராக்குக்கு மட்டும் போகிற காருக்குத் தாராளமாகச் செய்யலாம், தினமும் ஆபீஸ் போகிற காருக்கு வேண்டவே வேண்டாம்.

எக்லிப்ஸ், டாலன் கார்களைச் செய்தது இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் (ஊர்ப் பெயரே அதுதான்) கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் கூட்டாகக் கட்டிய டயமண்ட்-ஸ்டார் தொழிற்சாலை. 2015இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. 2017இல் ரிவியன் என்ற மின்வாகன நிறுவனம் அதை வாங்கியது. 2021 முதல் அங்கே தயாராகும் மின்சார பிக்கப்பின் குவாட் மோட்டார் ரகத்தில் சக்கரத்துக்கு ஒரு மோட்டார். சென்டர் டிஃபரன்ஷியலே கிடையாது. வெல்டிங் வைக்கவும் ஒன்றுமில்லை.