யார், யாருக்குச் சொன்னது?



1991ஆம் ஆண்டு, இதே ரொறன்ரோ நகரில் எனது அகதி விசாரணை நடந்தது. எதிரே இருந்தவர் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வர, நான் இடையிடையே "ஓம்… ஓம்…" என்றேன். எங்கள் ஊரில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் 'ஓம்' போடாவிட்டால், "நான் சொல்லுறது கேட்குதோ?" என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான ஓம் அது. ஆங்கிலத்தில் அது 'ஆம், அப்படித்தான்' என்று போய்ச் சேர்ந்தது. பிறகு நான், "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்றதும், "முதலில் ஆம் என்றீர், இப்போது இல்லை என்கிறீரே?" என்று மடக்கினார்கள். என் சட்டத்தரணி இடைமறித்து, அதே கேள்வியைத் திரும்பக் கேட்கச் செய்தார். அன்று நான் பொய்யன் என்று பெயர் எடுக்காமல் தப்பியது அவரால்தான்.

நான் ஒரு கணக்காளன். நூறு டொலர் பற்றுப் பக்கத்தில் நின்றால் ஒரு பொருள், வரவுப் பக்கத்தில் நின்றால் வேறு பொருள். பேச்சும் அப்படித்தான் என்பதை அந்த 'ஓம்' எனக்குப் படிப்பித்தது. இந்த மாதம் உரையாடல் பற்றிப் பேசும்படி நிலையத்தில் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அதுவே.

இதைத் தொல்காப்பியர் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார். செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது எழுத்து, அசை, சீர் என்பவற்றோடு, பேசுகிறவர் யார் என்பதைக் 'கூற்று' என்றும், கேட்கிறவர் யார் என்பதைக் 'கேட்போர்' என்றும் சேர்க்கிறார். அவற்றோடு 'முன்னம்' என்றும் ஒன்று உண்டு. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாருக்குச் சொல்ல உரியது என்று நாம் அறியும்படி அமைவது முன்னம். சங்க அகப்பாடல்களில் புலவர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, தலைவன், செவிலி ஆகியோரே பேசுகிறார்கள். பெரும்பாலும் ஒரு குரல்தான் கேட்கும். எதிரில் நிற்பவரை நாமே கண்டுகொள்ள வேண்டும். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பது தெரிந்தும் தெரியாதவள்போல, அவன் காதில் விழட்டும் என்று தோழி தலைவியோடு பேசும் பாடல்கள் பல உண்டு. மாமியார் பூனையை ஏசி மருமகளுக்குச் சாடை சொல்வது இதன் வீட்டு வடிவம்!

இந்த ஒற்றைக் குரல் வித்தையை எங்கள் காலத்தில் மேடையில் காட்டியவர் கே. எஸ். பாலச்சந்திரன். கரவெட்டியில் பிறந்து, எங்களைப் போலவே இந்த நகருக்கு வந்து, 2014இல் இங்கேயே காலமானவர். அவருடைய 'அண்ணை றைற்' தனிநடிப்பை அறியாத வீடு குறைவு. மேடையில் நிற்பவர் ஒரேயொரு பஸ் கொண்டக்டர். பயணிகள் ஒருவரும் இல்லை. ஆனால் அவர் ஒவ்வொருவருக்கும் சொல்லும் பதிலிலிருந்து, குரலை ஏற்றுவதிலும் தணிப்பதிலுமிருந்து, பஸ் நிறைய ஆட்கள் எங்கள் கண்முன்னே ஏறிவிடுவார்கள். அதேபோல் இலங்கை வானொலியில் புகழ்பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்' தொடர், 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. மரிக்காராக எஸ். ராமதாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன். முஸ்லிம் மக்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் என்று வாயைத் திறந்ததுமே ஆள் யார் என்று தெரிந்துவிடும். வானொலியில் முகம் இல்லை, பேச்சுத்தான் முகம்.

ஆளை மட்டுமல்ல, ஆளுக்கு ஆள் உள்ள உறவையும் பேச்சுக் காட்டும். ஆங்கிலத்தில் முன்னால் நிற்பவர் எவராக இருந்தாலும் 'யூ' ஒன்றுதான். எங்களுக்கு நீ, நீங்கள் என்பவற்றுக்கு நடுவே 'நீர்' என்றும் ஒன்று இருக்கிறது. கணவன் மனைவியிடம், ஆசிரியர் மாணவரிடம் சொல்லும் நீர். நேற்றுவரை "நீர்" என்றவர் இன்று "நீங்கள்" என்றால், வீட்டில் ஏதோ கோபம் என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். இதற்குள் கசப்பும் உண்டு. நரைத்த கிழவரைப் பார்த்து ஒரு விடலைப் பையன் "எடேய்" என்பதும், அவர் பதிலுக்கு "நயினார்" என்பதும் எங்கள் ஊர்களில் நடந்தவை. சாதி என்ற சொல்லே வேண்டாம். அந்த இரண்டு சொற்களும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். 1960களின் தொடக்கத்தில், பேச்சுத்தமிழில் கதை எழுதுவதை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் பழித்தபோது, முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றார்கள். மரபுப் போராட்டம் என்று இன்றும் பேசப்படுகிற விவாதம் அது. 1972இல் கே. டானியலின் 'பஞ்சமர்' வந்தது. அந்த மக்களைச் செந்தமிழில் பேசவைத்திருந்தால் அவர்களுடைய வலியும் துணிவும் எங்களை வந்து சேர்ந்திராது.

திரைப்படத்துக்கு வருவோம். 2015இல் கான் விழாவின் உயர் விருதைப் பெற்ற 'தீபன்' படத்தில், எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த தீபனும் யாழினியும் பொய்யாகக் கணவன் மனைவி என்று சொல்லிப் பிரான்சுக்கு வந்தவர்கள். பிரெஞ்சுக்காரரின் பகிடி தனக்குப் பிடிபடுவதில்லை என்று அவன் சொல்ல, உங்களுக்குத் தமிழிலும் பகிடி வராது என்ற கருத்தில் அவள் பதில் சொல்வாள். அந்த ஒரு பதிலில், பொய்ச் சோடிக்குள் உண்மையான நெருக்கம் ஒன்று எட்டிப்பார்க்கிறது. மறுபக்கத்தில், ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு நாவலைத் தீபா மேத்தா 2020இல் 'ஃபனி போய்' என்று படமாக்கியபோது, அதில் பேசப்படும் தமிழ் காதில் ஒட்டவில்லை என்று கனடாத் தமிழர் பலர் வெளிப்படையாகக் குறை சொன்னார்கள். சிலருக்கு அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. ஆனால் 1983 எங்கள் கதை. அந்தக் கதையில் எங்கள் அம்மாமாரின் குரல் பிழைத்துப் போனால், வலிக்காதா?

பெரிய தத்துவங்களும் உரையாடலாகவே எழுதப்பட்டிருக்கின்றன. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தவரிடமும் சென்று கேட்கிறாள். அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே சாத்தனார் சொல்ல வைக்கிறார். கிரேக்கத்தின் சோக்கிரதீஸ் தான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பேசவைத்து எழுதியவர் பிளேட்டோ. ஒரு நூலில், பெற்ற தகப்பன்மீதே கொலை வழக்குப் போட வந்த யூதிப்ரோ என்பவர், தெய்வத்துக்கு உகந்தது எது என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்கிறார். சோக்கிரதீஸ் கேட்கக் கேட்க, சொன்ன விடை ஒவ்வொன்றும் உடைகிறது. கடைசியில் அவர், அவசர வேலை இருக்கிறது என்று புறப்பட்டுவிடுகிறார்! அவருக்குத் தெரியவில்லை என்று பிளேட்டோ ஓரிடத்திலும் எழுதவில்லை. அந்த அவசரமே சொல்லிவிடுகிறது.

இனி வீட்டுக்கு வருகிறேன். என் மகள் சிறுமியாக இருந்தபோது, விருந்தினர் முன்னால் அம்மம்மாவிடம், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை முகம் சிவந்து, பல மாதங்கள் தமிழே பேசவில்லை. பிழை அவளுடையது அல்ல. நாங்கள் அவளிடம் சொன்னது 'நீ' மட்டும்தான். பெரியவர்கள் தங்களுக்குள் கதைப்பதைக் கேட்டுத்தான் பிள்ளை 'நீங்கள்' பழகும். நானும் மனைவியும் பகல் வேலை, இரவு வேலை என்று மாறி மாறி ஓடிய வீட்டில் அவள் எந்த உரையாடலைக் கேட்டிருப்பாள்? அன்று அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவள் என்னைப் பேசேல்லை, என்னோடை கதைக்கிறாள். விடுங்கோ" என்றார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குத் தமிழ் படிப்பிப்பதோடு, பிள்ளை இருக்கும்போது நீங்கள் ஒருவரோடொருவர் தமிழில் கதையுங்கள். தாத்தா பாட்டியிடம் பழைய கதை கேட்கும்போது, "என்ன நடந்தது?" என்பதோடு நிறுத்தாமல், "அவர் என்ன சொன்னவர்? நீங்கள் என்ன சொன்னீங்கள்?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் அதைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். பிள்ளை பிழையாகச் சொன்னால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.