சாவைச் சொல்லும் வினைகள்

கதைமொழி – 9

கி.பி. 1054. கொப்பம் போர்க்களத்தில் யானை மேலிருந்து போரிட்ட முதலாம் இராசாதிராசன் அங்கேயே உயிரிழந்தான். பின்வந்த சோழர் கல்வெட்டுகள் அவனை ‘ஆனைமேல் துஞ்சிய’ தேவர் என்கின்றன. அவனுடைய பாட்டன் இராசராசனைப் பெற்ற சுந்தர சோழனோ காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தவன். அவன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. போர்க்களச் சாவுக்கும் அரண்மனைச் சாவுக்கும் கல்வெட்டு ஒரே வினையைத்தான் தருகிறது: துஞ்சுதல், அதாவது உறங்குதல். இப்படிச் சொல்வதை நன்னூல் ‘மங்கலம்’ என்று தகுதி வழக்கில் சேர்த்திருக்கிறது.

கல்வெட்டுக்கு அந்த ஒரு சொல் போதும். கதைக்குப் போதாது.

ஊர்ப் பண்ணையார் ஒருவர் இறந்துபோனதாக வைத்துக்கொள்வோம். செய்தித்தாளில் அவர் ‘காலமானார்’. வயலுக்குச் செய்தி கொண்டுபோகும் ஆள், “பெரியவர் தவறிட்டாருங்க” என்கிறான். கடன் கொடுத்து அலுத்துப்போனவன், “கிழவன் போய்ச் சேர்ந்தானா?” என்று கேட்கிறான். நிலத்தைப் பறிகொடுத்தவன் வாயில் அது “ஒழிஞ்சான்”. மனைவியோ இறப்பைக் குறிக்கும் சொல் எதையும் தொடாமல், “என்னை விட்டுட்டுப் போயிட்டீகளே” என்று அரற்றுகிறாள். சாவு ஒன்றுதான். ஒவ்வொருவரும் அவருக்கு எவ்வளவு அருகில் நின்றார்கள், எவ்வளவு பட்டார்கள் என்பதை வினையே சொல்லிவிடுகிறது. ‘வெறுப்புடன் சொன்னான்’, ‘துயரத்துடன் சொன்னாள்’ என்று எழுத்தாளர் ஒட்டுப்போட வேண்டியதில்லை.

சமயமும் இங்கே பேசும். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, ‘மௌத்தாகிவிட்டார்’, ‘சிவலோகப் பதவி அடைந்தார்’, ‘இயற்கை எய்தினார்’ ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டாலே எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். தேங்காய்ப்பட்டணத்து இசுலாமியர் வாழ்வை எழுதிய தோப்பில் முஹம்மது மீரானின் மாந்தர்கள் ‘அமரரானார்’ என்று பேசினால் அந்தக் கடற்கரையே பொய்யாகியிருக்கும்.

விகுதியிலும் கவனம் வேண்டும். ‘பண்ணையார் செத்தார்’ என்று கதைசொல்லி எழுதினால் வினை கீழே தள்ளுகிறது, ‘ஆர்’ விகுதி மேலே தூக்குகிறது. வெளியே மரியாதையும் உள்ளே கசப்புமாக வாழ்ந்த ஊரின் குரலுக்கு அது கச்சிதமான வாக்கியம். கவனமில்லாமல் விழுந்திருந்தால் வெறும் பிசகு.

அதே ‘செத்து’ ஒரு தாயின் வாயில் வேறு. “மூணு பெத்தேன், ஒண்ணு தவறிப்போச்சு” என்று ஆண்டுகள் கழித்து அமைதியாகச் சொல்பவள், அந்த நாளில் “எம்புள்ள செத்துப்போச்சே” என்றுதான் கதறியிருப்பாள். சொல்லை மூடிப் பேசக் காலம் தேவைப்படுகிறது. ஆகவே மங்கலமல்லாத சொல் எப்போதும் இழிவுக்குரியதல்ல. துக்கம் பச்சையாக இருக்கும்போது அதுதான் முதலில் வரும்.

இந்த வேறுபாடுகள் பொது அகராதிகளில் முழுமையாகச் சிக்குவதில்லை. இடைசெவலின் கி.ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரத்துக்கும் அகராதி வெளியிட்டார்கள். இருவரும் புனைகதைக்காரர்கள். எந்தச் சொல்லை யார், யாரிடம், எந்த வேளையில் சொல்வார்கள் என்று கேட்டுப் பழகிய காதுகள் அவர்களுடையவை.

அடுத்த வாரம்: விசும்பல், தேம்பல், விம்மல், கேவல்.

(தொடரும்)