நிலாவெளிக்கு விழுந்த தவணை

கொழும்பில், நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் வளர்ந்த எங்களுக்குக் கடல் என்றால் காலிமுகத்திடல்தான். ஞாயிறு பின்னேரம் இறால் வடை, பட்டம், உப்புக்காற்று, அவ்வளவே. அது பார்க்கிற கடல், குளிக்கிற கடல் அல்ல. குளிப்பதென்றால் வெள்ளவத்தைக்குப் போய், ரயில் பாதையைக் கடந்து, கருங்கல் குவியல்மேல் பார்த்துப் பார்த்து இறங்கவேண்டும். "முழங்காலுக்கு மேலே போகாதே!" என்று அம்மா கரையில் நின்று கத்துவா. பாடசாலை விடுமுறை வருவதோ ஓகஸ்டில். மேற்குக் கரையில் அலை அடித்து எறிகிற மாதம் அது.

"ஓகஸ்டில் குளிக்கிற கடல் மற்றப் பக்கத்தில் இருக்கு" என்றார் அப்பா. நீதிமன்றத்தடியில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருந்தவர் அவர். 1976இல் கோட்டையிலிருந்து இரவு ரயில் ஏறித் திருகோணமலை போய், அங்கிருந்து பஸ்ஸில் நிலாவெளிக்குப் போனோம். கொழும்பில் அலையை எழுப்புகிற அதே காற்று அங்கே தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கச்சான் என்பார்கள். அது வீசும் காலத்தில் கிழக்குக் கடல் குளத்து நீர்போலக் கிடக்கும். தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது. கரையிலிருந்து வெகுதூரம் நடந்தும் தண்ணீர் அவளுடைய இடுப்பைத் தாண்டவில்லை. அம்மா அன்று ஒருமுறைகூடக் கத்தவில்லை. அதுவே எங்களுக்கு அதிசயம்.

எதிரே, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில், புறாமலைத் தீவு. பாறைகளில் மாடப்புறாக்கள் அடைவதால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் அதைச் சுட்டுப் பழகுகிற இடமாக வைத்திருந்தார்களாம். 1963இல் சரணாலயமானது. மீன்பிடிகாரர் ஒருவர் தோணியில் கொண்டுபோய் விட்டார். கரையில் மணலைவிட முருகைத் துண்டுகளே அதிகம், கால் குத்தும். அங்கே நீந்திக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் கழற்றி என்னிடம் தந்தார். தலையைத் தண்ணீருக்குள் வைத்தேன். மான்கொம்புபோல் கிளைத்த முருகை, அதைக் கொறிக்கிற கிளிமீன்கள், செட்டை நுனி கறுத்த ஒரு சிறிய சுறா. பயத்தில் குழாயைக் கடித்து உப்புத்தண்ணீர் குடித்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சுறா ஆளை ஒன்றும் செய்யாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுபடி போக 1983 ஓகஸ்டுக்கு ரயில் இருக்கைகூடப் பதிந்திருந்தோம். யூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. பிறகு போர். புதுக்கடை வழக்கில் விழுகிற தவணைபோல எங்கள் பயணத்துக்கும் தவணை விழுந்தது. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று 27 வருடங்கள் நீண்டன. அப்பா இடையிலேயே போய்விட்டார். கொழும்பில் வளர்ந்த என் பிள்ளைகளுக்கு நிலாவெளி என்பது வானொலிச் செய்தியில் வரும் ஓர் ஊர்ப்பெயர். 2004இல் சுனாமிச் செய்தியிலும் அது வந்தது. புறாமலை 2003இலேயே தேசியப் பூங்காவாக்கப்பட்டிருந்தது என்பதை நானே பிறகுதான் அறிந்தேன்.

2010இல் போனோம். கடல் மாறவில்லை, அதே குளத்து நீர். 1998இல் கடல் சூடேறித் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவையின் முருகைகள் வெளிறிச் செத்தபோதும் திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியிருந்தது. என் மகள் தலையை நீருக்குள் வைத்துவிட்டு எழுந்து, கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தாள்.

போன முறை போனது ஓகஸ்ட் சனிக்கிழமை ஒன்றில். நுழைவுச்சீட்டுக்கு வரிசை, போட்டுக்கு வரிசை, கரையில் வாடகைக் கண்ணாடிகள் குவியலாக. தோணியின் இடத்தில் எஞ்சின் படகு. சில நிமிடத்தில் தீவு. வந்தவர்களில் பாதிப்பேர் நீந்தத் தெரியாதவர்கள். உயிர்காப்பு அங்கியுடன் மிதந்து, களைத்ததும் கால் ஊன்ற இடம் தேடினார்கள். அகப்பட்டது முருகை. அது உயிருள்ளது என்று அவர்களுக்கு யார் சொன்னது? முருகைக்கல் என்றல்லவா நாமே பெயர் வைத்திருக்கிறோம். ஒருவர் ஏறி நின்று படமெடுத்துக்கொள்ள, காலடியில் மான்கொம்பு ஒடிந்தது.

கூட்டம் வருவதில் எனக்குக் குறையில்லை. ஏறத்தாழ முப்பது வருடம் பூட்டிக்கிடந்த கரைக்குச் சனம் வரத்தான் செய்யும். சிங்களக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் ஒரே ஆழத்தில் நின்று பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதைக் காண எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரே நேரத்தில் தீவில் எத்தனை பேர் இறங்கலாம் என்பதற்குக் கண்டிப்பான எல்லை வேண்டும். கரீபியன் கடலில், சென்ற் ஜோன் தீவின் டிரங்க் பே கரையில், நீருக்கடியில் எழுத்துப் பலகை வைத்து நீந்துகிறவர்களுக்கு வழி காட்டுகிறார்கள். அப்படிப்பட்ட பலகைகள் மூன்று மொழியில் இங்கும் நிறைய வேண்டும்.

அதுவரை, ஓகஸ்டில் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல்நாளை நிலாவெளிக் கரையிலேயே கழியுங்கள். மிதக்கவும் குழாயில் மூச்சுவிடவும் அங்கே பழக்குங்கள். கால் ஊன்ற அங்கே மணல் தாராளமாக இருக்கிறது.