கடைசியாக மூடி முதலில் திறக்க வேண்டிய இடம்

2023 மார்ச்சில் எச்3என்2 இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவியபோது, புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை மார்ச் 16 முதல் 26 வரை பள்ளிகளை மூடினார்கள். எல்லையைத் தாண்டினால் கடலூரிலும் விழுப்புரத்திலும் மணி அடித்துக்கொண்டிருந்தது. இங்கேயும் மூட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று சிலர் பதறினார்கள். ஒரே காய்ச்சல், ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே காற்று. முடிவு மட்டும் வேறு.

கொரோனா அலைகள் ஓய்ந்து வெகுநாள் ஆகவில்லை அப்போது. அந்த இரண்டு ஆண்டுகளில் பெற்றோரும் ஆசிரியர்களும் அவ்வளவு வாதாடியும், எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதில் பொதுவான ஒரு தெளிவுக்கு நாம் வரவில்லை என்பதை அந்த நாட்கள் காட்டிவிட்டன. நோய் இல்லாத காலத்தில் இதைப் பேசிவிடுவதுதான் பிள்ளைகளுக்கு நல்லது.

ஒரு நாளில் கேட்ட கருத்து

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளை நவம்பர் 16-ல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திறப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்கு முன், நவம்பர் 9-ல் பள்ளிகளில் பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். "உசுரு இருந்தாப் படிச்சுக்கலாம் சார், ஒரு வருஷம் போனாப் போகட்டும்" என்ற குரல் அன்று பல பள்ளிகளில் கேட்டது. "வீட்டுல இருந்து போனைத்தான் நோண்டுறான், நீங்க தொறந்துடுங்க" என்ற குரலும் கேட்டது. மழைக்காலம் வேறு. திறப்பு தள்ளிப்போனது. ஜனவரியில் மறுபடி கருத்துக் கேட்டு, 2021 ஜனவரி 19-ல் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் திறந்தார்கள். ஒரு வகுப்பில் 25 பேர், பெற்றோரின் சம்மதக் கடிதம், துத்தநாக மாத்திரை, வைட்டமின் மாத்திரை. ஒன்பதும் பதினொன்றும் பிறகு திறந்தன. மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகளில் தொற்று தெரிந்ததும் ஒன்பது முதல் பதினொன்று வரை மூடினார்கள். பிறகு டெல்டா அலை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது.

நவம்பரில் மறுத்த பெற்றோரை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் சர்க்கரை நோயுள்ள பாட்டி இருக்கிறாள், தடுப்பூசி இன்னும் வரவில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்குமா என்று தெரியாது. அந்த நிலையில் 'வேண்டாம்' என்பது நியாயமான பதில்தான். கோளாறு கேள்வியில் இருந்தது. திறக்கலாமா, வேண்டாமா என்று மட்டும் கேட்டால் பயம்தான் பதில் சொல்லும். எந்த வகுப்பை முதலில் திறக்கலாம், ஜன்னல் எத்தனை திறக்கும், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள், அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை என்ன செய்கிறது? இவற்றைக் கேட்டிருந்தால் அதே பெற்றோர் வேறு விதமாகப் பேசியிருப்பார்கள்.

அந்தச் சம்மதக் கடிதமும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இடையே ஒரு கசப்பை விட்டுப்போனது. "கையெழுத்து வாங்கிட்டா பொறுப்பு எங்க தலையிலதானே?" என்று பெற்றோர் கேட்டார்கள். ஆசிரியர்களோ, ஏதாவது நடந்தால் ஊர் முழுக்கத் தங்களைத்தான் கேட்கும் என்று பயந்தார்கள். உண்மையில் நோய் வராமல் பார்ப்பது இரு தரப்புக்கும் பொதுவான வேலை. கடிதம் அதைப் பழியைப் பங்குபோடும் வேலையாக மாற்றிவிட்டது.

பரீட்சை வைத்த வரிசை

திறந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் 10, 12. பிறகு 9, 11. இரண்டாம் அலை ஓய்ந்தபின் 2021 செப்டம்பர் 1-ல் மறுபடி 9 முதல் 12 வரை. ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்கு நவம்பர் 1-ல்தான் கதவு திறந்தது. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய குழந்தை, வகுப்பறைக்குள் முதல்முறை கால் வைத்தபோது இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தது.

இந்த வரிசையைத் தீர்மானித்தது பொதுத்தேர்வு. உடம்பு வேறு வரிசையைச் சொன்னது. டென்மார்க்கில் 2020 ஏப்ரல் 15-லேயே பள்ளிகளைத் திறக்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் ஐந்தாம் வகுப்பு வரையிலான சின்னப் பிள்ளைகள். 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவாவும், பள்ளிகளைத் திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பிக்கலாம் என்றார். கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் சிறு குழந்தைகளுக்குக் குறைவு. பெரியவர்களைவிட அவர்கள் இந்தத் தொற்றை எளிதாகத் தாங்குகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வீட்டில் தனியாகப் படிக்க முடியாதவர்களும் அந்தச் சிறு பிள்ளைகள்தான். பதினாறு வயதுப் பையன் கைப்பேசியில் கணக்குப் பாடம் கேட்டுவிடுவான். ஆறு வயதுக் குழந்தைக்கு 'அ' எழுத யாராவது கையைப் பிடிக்க வேண்டும்.

பார்கவா அதைச் சொன்னபோது வெளியான நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதத்தினருக்கும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதத்தினருக்கும் நோய் எதிர்ப்பொருள் இருந்தது. அந்த வயதினருக்கு அப்போது தடுப்பூசி கிடையாது. எனவே அது தொற்று வந்துபோன அடையாளம். பள்ளி மூடியிருந்த காலத்திலேயே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொற்று தொட்டுவிட்டது. வேலைக்கும் கடைக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்த பெரியவர்கள்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் பெரும்பங்கினராக இருக்க வேண்டும். மூடியதால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. தொடக்கத்தில், நோயைப் பற்றி எதுவும் தெரியாத மாதங்களில், மூடியது சரி. ஆனால் மூடுவது ஒரு மருந்து. அளவும் நாளும் தாண்டினால் அதுவே உடம்பைக் கெடுக்கும்.

மூடிய கதவுக்குப் பின்னால்

பள்ளிக்கூடம் பாடம் நடக்கும் இடம் என்று மட்டும் நினைப்பதால்தான் இதை உடல்நலத்துக்கும் கல்விக்கும் இடையிலான போட்டியாகப் பேசுகிறோம். நம் ஊர் அரசுப் பள்ளி ஒரு சிறிய சுகாதார நிலையம். மதியம் சத்துணவும் முட்டையும் அங்கே. வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை அங்கே. குடற்புழு மாத்திரை, 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி தடுப்பூசி, கண்ணையும் பல்லையும் இதயத்தையும் பார்க்க வரும் பள்ளி மருத்துவக் குழு, சானிட்டரி நாப்கின் என்று எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் பிள்ளையிடம் போய்ச் சேருகின்றன. பள்ளி மூடியபோது அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் பள்ளியில் தட்டில் விழும் சோறு அந்தப் பிள்ளைக்கு மட்டும். வீட்டுக்கு வரும் அரிசி, வேலை இழந்த குடும்பம் முழுவதற்கும்.

கண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனாவில் 2020-ல் வீட்டிலேயே அடைந்திருந்த 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை முந்தைய ஆண்டுகளைவிட மிகக் கூடியிருந்ததைப் பள்ளிப் பரிசோதனைகள் காட்டின. வெயில் வெளிச்சத்தில் விளையாடுவது வளரும் கண்ணுக்குத் தேவை. இங்கே பத்துக்குப் பத்து அறையில், அப்பாவின் கைப்பேசியை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டவர்கள் எத்தனை பேர்! கைப்பேசி இல்லாதவர்களும் நிறைய. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநில, யூனியன் பிரதேசங்களில், ஏழை எளிய குடியிருப்புகளில் சுமார் 1,400 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், கிராமங்களில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் 8 சதவீதம்தான். 37 சதவீதத்தினர் படிக்கவே இல்லை. அந்தக் கிராமப் பெற்றோரில் 97 சதவீதத்தினர் பள்ளியைச் சீக்கிரம் திறக்கச் சொன்னார்கள்.

பெற்றோர் என்று ஒரே கூட்டம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தனி அறையும் வைஃபையும் உள்ள வீட்டின் பயம் வேறு. சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவின் பயம் வேறு. மூத்த மகளைத் தனியாக விட்டுப்போகும் தாய்க்கு, வைரஸைவிட அவள் கல்யாணப் பேச்சும் பனியன் கம்பெனி வேலையும் பெரிய பயமாக இருந்தது. அந்தத் தாயின் குரல் விவாதங்களில் குறைவாகவே கேட்டது.

ஆசிரியரின் உடம்பு

ஆசிரியர்கள் வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினார்கள் என்ற பேச்சு அந்த நாட்களில் சாதாரணமாக அடிபட்டது. அது வலிக்கும் பேச்சு, பொய்யான பேச்சும்கூட. எத்தனையோ தனியார் பள்ளி ஆசிரியர்கள் சம்பளமே இல்லாமல் காய்கறி விற்றார்கள், கூலி வேலைக்குப் போனார்கள். தெருத்திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்த அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்கள்.

மருத்துவக் கணக்கில் பார்த்தால், வகுப்பறையில் அதிக ஆபத்தில் நின்றவர் ஆசிரியர்தான். ஐம்பது வயது தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், நாள் முழுக்கச் சத்தமாகப் பேச வேண்டிய வேலை. அவருடைய தயக்கத்தைச் சோம்பல் என்று படித்தது தவறு. 2021 செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்குள் அவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட, மத்திய அரசு மாநிலங்களுக்குக் கூடுதலாக 2 கோடி டோஸ் ஒதுக்கியது. அதற்குப் பிறகுதான் பல ஆசிரியர்களுக்குத் தைரியம் வந்தது. அடுத்த தொற்றில் தடுப்பூசி வந்தால், மருத்துவப் பணியாளர்களுக்கு அடுத்த வரிசையில் ஆசிரியரும் சத்துணவுப் பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் நிற்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறக்க அதுதான் குறுக்கு வழி.

ஜன்னல் செய்யும் வேலை

பள்ளி திறந்தபோது வாசலில் வெப்பமானி, கையில் கிருமிநாசினி, பெஞ்சில் மருந்துத் தெளிப்பு என்று நிறையப் பாடுபட்டோம். கை கழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கையும் தடுக்கும், அதை விடக் கூடாது. ஆனால் கொரோனா, இன்ஃப்ளூயன்சா போன்றவை முக்கியமாகப் பரவுவது மூச்சுக் காற்றில். அடைத்த அறையில் 50 பேர் ஒரு மணி நேரம் இருந்தால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எதிரெதிர் சுவரில் ஜன்னலும் கதவும் திறந்திருந்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும். மின்விசிறி மட்டும் ஓடினால் அது அறைக்குள்ளேயே சுற்றும். இரு பக்கமும் ஜன்னல், முன்னால் தாழ்வாரம் என்று கட்டிய பழைய ஊராட்சிப் பள்ளிக் கட்டடம், ஏசி போட்டு அடைத்த வகுப்பறையைவிடப் பாதுகாப்பானது. இந்த ஒன்றைப் பெற்றோர் கண்டிப்பாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: பிள்ளையின் வகுப்பில் ஜன்னல் உண்மையிலேயே திறக்கிறதா, அல்லது கொசுவுக்கும் குரங்குக்கும் பயந்து ஆணி அடித்து வைத்திருக்கிறார்களா? தொற்றுக் காலத்தில் சாப்பாட்டு நேரத்தில்தான் எல்லோரும் முகக்கவசம் கழற்றுவார்கள். அந்த அரை மணி நேரத்தை வெளியே மரத்தடிக்கு மாற்றினாலே பாதிக் கவலை தீரும்.

எந்தப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும்

காய்ச்சல், தொண்டை வலியுடன் இருமல், வாந்தி, பேதி இருந்தால் அனுப்ப வேண்டாம். மருந்து கொடுக்காமலேயே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கி அனுப்புவது எல்லா ஊரிலும் நடக்கிறது; பத்தரை மணிக்குப் பிள்ளை மேஜையில் தலைசாய்த்துவிடும். மூச்சுத் திணறல், தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் மந்தமாகக் கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொரோனா வந்துபோன 2 முதல் 6 வாரத்துக்குள் திரும்பக் கடுமையான காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்று வலி வந்தால் அது பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி நோயாக இருக்கலாம். அரிதானது, ஆனால் தாமதிக்கக் கூடாதது.

ஆஸ்துமா, பிறவி இதய நோய், புற்றுநோய்ச் சிகிச்சை உள்ள பிள்ளைகளுக்குப் பொது விதி போதாது. அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.

திரும்பி வந்த பிள்ளைகள்

2022-ல் எடுத்த அசர் என்ற கல்வி ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 4.8 சதவீதம். 2018-லும் அது 10.2 தான்; பெருமைப்பட ஒன்றும் இல்லை. இருந்ததிலும் பாதி போயிற்று. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலேயே சொல்லிக்கொடுத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இவை இழப்பு நேர்ந்தபின் செய்த சிகிச்சை. பள்ளி மூடியிருந்த காலத்திலேயே தெருவகுப்பைத் தொடங்கியிருக்கலாம். பத்துப் பிள்ளைகள், திறந்த வெளி, ஒரு தன்னார்வலர் என்ற அமைப்பில் தொற்று ஆபத்தும் குறைவு.

மனசும் உடம்பு மாதிரித்தான் தேறும், நேரம் எடுத்து. நெடுநாள் கழித்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளை காலையில் வயிற்று வலி என்றால் நடிப்பு என்று அதட்டிவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் அது சரியாகவில்லை, தூக்கம் கெடுகிறது, பிடித்த விளையாட்டுக்கும் போகவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் முதலில் பேசுங்கள். பிள்ளை வீட்டில் காட்டாத முகத்தை வகுப்பில் காட்டும். அதை அறிந்தவர் அவர்தான். தேவைப்பட்டால் 104 எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்க வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை என்று பேசும் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கும் ஒதுக்கலாம். நோய் வந்தால் பள்ளி முழுவதையும் மூடாமல் பாதிக்கப்பட்ட வகுப்பை மட்டும் எத்தனை நாள் நிறுத்துவது, கைப்பேசி இல்லாத வீடுகள் எவை, அங்கே போய் யார் சொல்லிக்கொடுப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரையை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் அந்தக் கூட்டத்தில் பேச வேண்டும். ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கிறோம். காய்ச்சலோடு ஒரு பிள்ளை வகுப்புக்கு வருவதற்கு அந்தப் பரிசும் ஒரு காரணம். கூலி போய்விடும் என்று வீட்டில் தங்க முடியாத அம்மா இன்னொரு காரணம். பரிசைக் குழு நினைத்தால் அடுத்த ஆண்டே நிறுத்தலாம். அந்த அம்மாவின் பிள்ளைக்குப் பள்ளியிலேயே ஜன்னலோரம் ஒரு பாய், குடிக்கத் தண்ணீர், மாலை வரை பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று ஏற்பாடு செய்ய அதிகச் செலவும் ஆகாது.