டீச்சர் தண்ணீர் குடித்தாரா?

காலையில் பிள்ளையைப் பாலர் பள்ளியில் இறக்கிவிட்டு, "அப்பாடா!" என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறீர்களே, உள்ளே இருக்கும் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்ததுண்டா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளையைச் சமாளிக்கவே நமக்கு மூச்சு வாங்குகிறது. அரசாங்கப் பாலர் பள்ளி வகுப்பிலோ 25 பிள்ளைகள் வரை இருப்பார்கள். ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். பினாங்கு ஜார்ஜ்டவுன் ஆனாலும் அக்கரையில் செபராங் பிறைத் தோட்டப்புறம் ஆனாலும் கணக்கு இதுதான். உதவியாளர் வராத நாளில் முழுப் பாரமும் ஒருவர் தலையில்.

வகுப்பை விட்டு நகர முடியாதே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் ஆசிரியைகள் உண்டு. பிறகு நீர்க்கடுப்பு. உரக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் போன பிறகு பதிவேடுகள் காத்திருக்கின்றன.

அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளை விடியுமுன்பே வாங்கிக்கொண்டாரே ஆயாக்கொட்டகை ஆயா, அவர் களைப்பை யார் கணக்கில் வைத்தார்கள்? இந்தியாவிலும் இதே கதைதான். 1975இல் தொடங்கிய திட்டத்தில் அங்கன்வாடிப் பெண்களுக்குப் பாடம், சாப்பாடு, எடை, தடுப்பூசிக் கணக்கு என்று எல்லாம் உண்டு. சம்பளம் மட்டும் இல்லை, மதிப்பூதியம்தான். பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022இல்!

சட்டம் கிடக்கட்டும். பள்ளி விட்டு அரை மணி கழித்தா பிள்ளையை அழைக்கப் போகிறீர்கள்? அவர் சாப்பிட நினைத்திருந்த நேரம் அது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பனடோல் கொடுத்து அனுப்புகிற அம்மாமார்களே, பத்து மணிக்கு அந்த மருந்தின் வேகம் இறங்கிவிடும். அப்போது பிள்ளை யார் மடியில் கிடக்கும்?