இரட்டைச் சூரியன் கதைக்குக் கணினி எதற்கு?

வானில் இரண்டு சூரியன்கள், கீழே ஒரு கோள். இப்படி ஓர் உலகத்தைப் படைக்க ஒரு வரி போதும். அந்தக் கோள் அங்கே நிலைக்குமா என்பதை மட்டும் மனக்கணக்கால் சொல்ல முடியாது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் பாதைக்குத் தெளிவான சூத்திரம் உண்டு. மூன்றாவது சேர்ந்தால் எல்லா நிலைக்கும் பொருந்தும் எளிய சூத்திரம் கிடையாது. ஆகவே காலத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஈர்ப்பைக் கணக்கிட்டு, வேகத்தையும் இடத்தையும் மாற்றியபடி போக வேண்டும். நிரல் செய்வது அதைத்தான். அதில் இரண்டு வரிகளின் வரிசைகூட முக்கியம். பழைய வேகத்தைக் கொண்டே இடத்தை நகர்த்தினால் பிழை சேர்ந்து, ஒழுங்காகச் சுற்ற வேண்டிய கோளும் சுருள் சுருளாக விலகிப்போகும். முதலில் வேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய வேகத்தால் இடத்தை நகர்த்தினால், துண்டுகள் சிறியனவாக இருக்கும்வரை ஆற்றல் கணக்கில் வரும் பிழை ஓர் எல்லைக்குள் ஊசலாடும்.

கற்பனைக்கு இது விலங்கு அல்லவா என்று கேட்கலாம். 2011இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16பி என்ற கோள் இதற்கு விடை தருகிறது. அதன் இரு சூரியன்களும் 41 நாளில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. கோள் இரண்டையும் சேர்த்துச் சுற்ற 229 நாள் ஆகிறது. அதையே பாதித் தொலைவில் வைத்தால் சூரியன்களின் இழுபறியில் பாதை குலைந்துவிடும். நெடுங்காலக் கணிப்பு துல்லியமாக இருக்காது என்பதும் உண்மைதான். ஆனால் கதைக்கு வேண்டியது கோளின் துல்லியமான இடம் அல்ல, அது பிழைக்குமா என்பதே. தொடக்க எண்களைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்த்தால் அது புலப்படும். பிழைத்த உலகம் தன் நாள்காட்டியையும் இரட்டை அந்திகளையும் தானே எழுத்தாளர் கையில் தரும். எனவே கணக்கு கற்பனைக்கு விலங்கல்ல, விளைநிலம்.