மரணமும் குடும்பச் சொத்தும்: ஆங்கிலக் கோதிக் நாவல் பற்றிய சில குறிப்புகள்

ஆங்கில நாவலின் வரலாற்றை எழுதுவோர் பலர், டீஃபோ, ரிச்சர்ட்சன், பீல்டிங் ஆகியோரில் தொடங்கி, ஜேன் ஒஸ்டின் வழியாக டிக்கன்ஸ், ஜோர்ஜ் எலியட் வரை ஒரு நேர்கோட்டினை வரைந்து, அதனையே யதார்த்தவாதத்தின் வளர்ச்சிப் பாதையாகக் கொள்வர். அக்கோட்டிற்குப் புறம்பாக, இடிந்த கோட்டைகளும் நிலவறைகளும் ஆவிகளும் பிணங்களும் நிறைந்த இன்னொரு புனைகதை மரபும் அதே காலப்பகுதியில் வளர்ந்து வந்தது. கோதிக் நாவல் என அது வழங்கப்படும். மரபுவழித் திறனாய்வாளர் அதனைச் சுவைத்தரம் குன்றியதெனத் தள்ளினர். முற்போக்குத் திறனாய்வாளர் சிலரோ, மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் நச்சிலக்கியமென அதனைத் தள்ளினர். எதிரெதிர் முகாம்களிலிருந்து புறப்பட்ட இவ்விரு தீர்ப்புகளும் ஒரே முடிபில் வந்து நிற்பதே, அம்முடிபினை மீள ஆராய்வதற்குப் போதிய காரணமாகும்.

மூன்றாவது அணுகுமுறையொன்றும் உண்டு. 1919இல் அச்சவுணர்வு பற்றி ஃபிராய்ட் எழுதிய கட்டுரையைத் தொடர்ந்து, இவ்வகைக் கதைகளிலே தோன்றும் ஆவிகளையும் இரட்டையுருக்களையும் அடக்கப்பட்ட உளவேட்கைகளின் மீள்வருகையாகக் காண்பது வழக்கமாயிற்று. இவ்விளக்கம் பயனற்றதன்று. ஆயின், தந்தை, தாய், மகன், மகள் என்னும் உறவுகளை எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் பொதுவானவையாக அது கொண்டுவிடுகின்றது. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. கோதிக் நாவலிலே இறந்தவர்கள் திரும்பி வருகின்றனர். அவர்கள் எதைக் கேட்டு வருகின்றனர்? யாருடைய குடும்பத்தில், எத்தகைய சொத்துறவின்மீது நின்ற குடும்பத்தில், மரணம் இவ்வளவு அச்சத்துக்குரியதாகின்றது?

1

இவ்வினாவிற்கு விடை காண, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலவுடைமைச் சட்டத்தை ஓரளவு அறிந்திருத்தல் அவசியமாகும். மூத்த ஆண்மகனுக்கே நிலம் முழுவதும் சேரும் உரிமைமுறை அங்கு நிலவியது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து உயர்குடும்பங்கள் கைக்கொண்ட கட்டுறுதி ஆவணங்கள், நிலத்தை அனுபவிப்பவன் அதனை விற்கவோ சிதறடிக்கவோ இயலாதவாறு அடுத்த தலைமுறைக்கும் அதற்கப்பாலும் கட்டிவைத்தன. நடைமுறையில், உயிரோடிருப்பவன் தன் நிலத்தின் தற்காலிகக் காவலாளியாகவே இருந்தான். அதன் போக்கினைத் தீர்மானித்தது இறந்தவனின் விருப்பமேயாகும்.

பெண்ணின் நிலை இதனினும் கடுமையானது. பிளாக்ஸ்டனின் ஆங்கிலச் சட்ட விளக்கவுரையின் முதற்பாகம் 1765இல் வெளிவந்தது. திருமணத்தோடு பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடைய ஆளுமைக்குள் அடங்கிவிடுகின்றது என்னும் கோட்பாட்டினை அது தெளிவாக வகுத்துரைத்தது. மனைவியின் அசையும் பொருள் கணவனுக்குச் சொந்தமாயிற்று. அவளது நிலம் அவன் ஆளுகைக்குட்பட்டது. 1870ஆம், 1882ஆம் ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துச் சட்டங்களே இந்நிலையைப் படிப்படியாக மாற்றின. கோதிக் நாவலின் முதல் நூறு ஆண்டுகளும் இச்சட்டநிலை நிலவிய ஆண்டுகளே என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

2

இம்மரபின் முதல் நூலெனக் கொள்ளப்படும் 'ஒட்ராண்டோ கோட்டை' 1764 டிசம்பரில் வெளியாயிற்று. அதன் ஆசிரியரான ஹொரஸ் வோல்போல், நீண்டகாலம் பிரதம அமைச்சராகவிருந்த சேர் ரொபேட் வோல்போலின் மகனாவார். முதற்பதிப்பிலே அவர் தமது பெயரை மறைத்து, 1529இல் நேப்பிள்ஸில் அச்சான இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பெனக் கதை கட்டினார். 1765இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலேயே உண்மையை ஒப்புக்கொண்டு, 'கோதிக் கதை' என்னும் துணைத்தலைப்பையும் சேர்த்தார்.

கதையின் எலும்புக்கூடு முற்றிலும் சொத்துரிமை பற்றியதாகும். ஒட்ராண்டோவின் பிரபுவான மன்ஃபிரெட்டின் ஒரே மகன் தன் திருமண நாளிலே, வானிலிருந்து வீழ்ந்த பிரமாண்டமான தலைக்கவசமொன்றினால் நசுங்கி இறக்கின்றான். வாரிசற்றுப்போன மன்ஃபிரெட், தன் மனைவியை விலக்கிவிட்டு, மகனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையே தான் மணக்க முனைகின்றான். அவனுடைய பாட்டன், உண்மை உரிமையாளனான அல்ஃபொன்சோவை நஞ்சூட்டிக் கொன்று பெற்ற நிலமே அவன் ஆளும் நிலம். அல்ஃபொன்சோவின் பேருரு கோட்டைக்குள் பகுதி பகுதியாகத் தோன்றி, ஈற்றிலே கோட்டையைத் தகர்த்துக்கொண்டு எழுகின்றது. இதற்கிடையில் மன்ஃபிரெட் ஆள் மாறித் தன் மகளையே குத்திக் கொல்கின்றான்.

இங்கு ஆவி செய்யும் வேலை ஒரு வழக்குரைஞரின் வேலையே. உரிமைப் பத்திரத்திலுள்ள குறைபாட்டை அது வெளிப்படுத்துகின்றது. தனியுடைமையைத் தன் இரத்தத்திற் பிறந்த ஐயத்திற்கிடமற்ற வாரிசுக்குக் கையளிக்க வேண்டிய தேவையோடு ஒருதார மணக் குடும்பத்தை எங்கெல்ஸ் 1884இல் தொடர்புபடுத்தினார். அவருக்கு 120 ஆண்டுகள் முன்னரே, வாரிசு வேண்டித் தன் குடும்பத்தையே அழிக்கும் தந்தையொருவனை இந்நாவல் படைத்துவிட்டது. வோல்போல் பிரபுக்களின் எதிரியல்லர். ஆயினும், எந்தப் பழங்குடியின் நிலத்திற்கும் அடியிலே ஒரு கொலை புதைந்திருக்கலாம் என்னும் எண்ணத்தை, தமது கருத்துநிலைக்கு மாறாகவே அவரது புனைவு வெளியிட்டுவிடுகின்றது.

3

ஆன் ராட்கிளிஃபின் 'உடொல்ஃபோவின் மர்மங்கள்' 1794இல், பிரெஞ்சுப் புரட்சியின் மிகக் கொந்தளிப்பான காலத்தில் வெளிவந்தது. அவருக்கு 500 பவுண் கொடுக்கப்பட்டது என்பதிலிருந்தே அக்காலச் சந்தையில் இவ்வகை எழுத்திற்கிருந்த மதிப்பு புலனாகும். தாய் தந்தையரை இழந்த எமிலி, தன் அத்தையை மணந்த மொன்ரோனியின் மலைக்கோட்டைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றாள். மனைவியின் நிலங்களைத் தன் பெயருக்கு எழுதித் தருமாறு வற்புறுத்தி அவளைச் சிறைவைக்கின்றான் மொன்ரோனி. அவள் நோயுற்று இறக்கின்றாள். பின்னர் அதே கையொப்பத்தை எமிலியிடம் கேட்கின்றான்.

ராட்கிளிஃபின் உத்தி நன்கறியப்பட்டது. அவரது நாவல்களிலே அமானுஷ்யமாகத் தோன்றுவனவெல்லாம் இறுதியில் இயற்கையான காரணத்தால் விளக்கப்படும். கருந்திரைக்குப் பின்னால் எமிலி கண்டு மயங்கிய பிணம் மெழுகுருவம் என்பது பின்னர் தெரியவருகின்றது. ஆனால் ஒன்று மட்டும் அவ்வாறு கரைந்து போவதில்லை. மொன்ரோனி நீட்டும் ஆவணம் மெய்யானது. பேய் பொய்யாகி, பத்திரம் மெய்யாகி நிற்கும் இவ்வமைப்பிலேதான் ராட்கிளிஃபின் யதார்த்தம் தங்கியுள்ளது.

ஒட்ராண்டோவிற்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1864இல், டப்ளினைச் சேர்ந்த ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'சைலஸ் மாமா'விலும் இதே அமைப்பு தொடர்கின்றது. மாமா என வழங்கினும், இறந்த தந்தையின் உடன்பிறந்தானே சைலஸ். தந்தையின் மரணசாசனம் மகள் மோட்டை அவனுடைய பாதுகாப்பில் ஒப்படைக்கின்றது. அவள் உரிய வயதை அடையுமுன் இறப்பின் சொத்து அவனுக்கே சேரும். முதலில் தன் மகனுக்கு அவளை மணமுடிக்க முயன்று, அது கைகூடாதபோது கொலைக்குத் திட்டமிடுகின்றான் சைலஸ். தம்பியின் நேர்மையை உலகுக்கு நிறுவிக் குடும்பப் பெயரைக் காப்பதே தந்தையின் நோக்கம். குடும்ப மானத்தின்பொருட்டு மகளின் உயிர் பணயமாக வைக்கப்படுகின்றது. இங்கே ஆவி எதுவும் வரவேண்டிய தேவையில்லை. மரணசாசனமே இறந்தவனின் குரலாகப் போதுமானது.

4

சொத்துடையோரின் மரணம் இவ்வாறெனில், சொத்தற்றோரின் மரணம் எத்தகையது? 1818இல் பெயரின்றி வெளிவந்த மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' இவ்வினாவை எழுப்புகின்றது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் தன் படைப்புயிரின் உறுப்புகளைப் பிணவறைகளிலும் அறுவைக்கூடங்களிலும் திரட்டுகின்றான். இது வெறுங் கற்பனையன்று. 1752இல் நடைமுறைக்கு வந்த சட்டம் கொலைக்குற்றவாளிகளின் உடல்களை மருத்துவர்களின் அறுவைக்கு வழங்கியது. அவை போதாமையால் கல்லறைத் திருட்டு ஒரு தொழிலாயிற்று. 1828இல் எடின்பரோவில் பேர்க், ஹேர் என்னும் இருவர் உடல்களை விற்பதற்காகவே 16 பேரைக் கொன்றமை வெளிப்பட்டது. 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம், உரிமைகோர எவருமின்றி வறியோர் இல்லங்களில் இறந்தவர்களின் உடல்களை அறுவைக்கூடங்களுக்கு அனுப்ப வழி செய்தது. செல்வந்தனின் விருப்பம் அவன் மரணத்தின் பின்னும் நிலத்தை ஆண்டது. வறியவனுக்கோ தன் உடல்மீதும் உரிமை இருக்கவில்லை.

பெயரும் தந்தையும் சொத்தும் அற்ற அப்படைப்புயிர், ஒரு குடிலின் சுவரோரம் மறைந்திருந்து வொல்னியின் வரலாற்று நூல் வாசிக்கப்படுவதைக் கேட்டே, செல்வமும் வறுமையும் பிறப்புரிமையும் மனிதரைப் பிரித்து வைத்திருப்பதை அறிந்துகொள்கின்றது. தனக்கென ஒரு துணையை அது கேட்கின்றது. மறுக்கப்பட்டபோது படைத்தவனின் குடும்பத்தை ஒவ்வொருவராக அழிக்கின்றது. அவ்வீட்டின் பணிப்பெண்ணான ஜஸ்டின், தான் செய்யாத கொலைக்காகத் தூக்கிலிடப்படுகின்றாள். உண்மையை உணர்ந்த விக்டர் நீதிமன்றில் வாய் திறப்பதில்லை. அன்புமிக்கதாகச் சித்திரிக்கப்படும் அக்குடும்பத்தின் அன்பு எங்கே முடிகின்றது என்பதை இம்மௌனம் காட்டுகின்றது.

இப்படைப்புயிரைத் தொழிலாளி வர்க்கத்தின் உருவகமாக இத்தாலியத் திறனாய்வாளர் பிராங்கோ மொரெற்றி விளக்கினார். இயந்திர உடைப்புக் கிளர்ச்சிகள் 1811 தொடக்கம் நிகழ்ந்தமையை நோக்கின் இவ்விளக்கம் வலுவுடையதே. எனினும் அதனைச் சூத்திரமாக்கிவிடலாகாது. தன்னைப் பெற்ற சில நாட்களில் 1797இல் தாயை இழந்தவரும், 1815இல் தம் முதற்குழந்தையை இழந்தவருமான ஒரு பெண்ணின் அநுபவமும் அந்நாவலில் உறைந்துள்ளது. வர்க்க அநுபவமும் குடும்ப அநுபவமும் ஒரே படிமத்தில் இணைந்தமையாலேயே அப்படிமம் இவ்வளவு காலம் நிலைத்தது.

5

எமிலி புரொன்டேயின் 'வதரிங் ஹைட்ஸ்' (1847) இம்மரபின் உச்சங்களுள் ஒன்றாகும். காதலின் பெருங்காவியமெனவே பலரும் அதனைப் போற்றுவர். ஆனால் 1926இல் சட்டவறிஞர் சி. பி. சாங்கர், அந்நாவலின் சொத்துக் கைமாற்றங்கள் அக்கால ஆங்கிலச் சட்டத்தோடு வியக்கத்தக்க அளவு பொருந்துவதைக் காட்டினார். லிவர்பூல் தெருவிலே கண்டெடுக்கப்பட்ட ஹீத்கிளிஃப், தன்னை இழிவுபடுத்திய குடும்பங்களை வாளாலன்றி ஈட்டினாலும் திருமணத்தினாலும் மரணசாசனத்தினாலும் வெல்கின்றான். எட்கார் லின்ரன் மரணப்படுக்கையிலே தன் மகளின் பணத்தைப் பாதுகாப்பாளரிடம் ஒப்படைக்க எண்ணி வழக்குரைஞரை அழைக்கின்றான். ஹீத்கிளிஃபினால் விலைக்கு வாங்கப்பட்ட வழக்குரைஞர், அவன் இறந்த பின்னரே வந்து சேர்கின்றார். யன்னலைத் தட்டும் ஆவியைவிட இத்தாமதம் கொடியது. நிலத்தையும் மனிதரையும் உடைமையாக்கப் பழகியவன், ஈற்றில் காதலியின் சவப்பெட்டியையும் திறந்து, அவளருகே தனக்கோர் இடத்தை ஒதுக்கிக்கொள்கின்றான்.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்திலே, உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பாக மூலதனத்தைக் காட்டுவதற்கு இரத்தம் குடிக்கும் பேயின் உருவகத்தை மார்க்ஸ் கையாண்டார். முப்பது ஆண்டுகளின் பின் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' தோன்றியது. அந்நாவலில் ஹார்க்கரின் கத்தி டிராகுலாவின் மேலங்கியைக் கிழிக்கும்போது, அங்கிருந்து கொட்டுவது இரத்தமன்று, பணத்தாள்களும் பொற்காசுகளுமே. ஆயின் ஸ்டோக்கர் அப்பணத்தை அந்நியனொருவனின் அங்கிக்குள் வைத்தார். வழக்குரைஞரும் மருத்துவரும் பிரபுவும் ஒன்றுகூடி அவனை அழித்தவுடன் இங்கிலாந்து தூய்மையடைந்துவிடுகின்றது. உள்ளிருக்கும் முரண்பாட்டை வெளியாளின்மேல் ஏற்றும் கருத்துநிலைச் செயற்பாட்டிற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இம்மரபின் எல்லைப்பாடும் இங்கேயே தெரிகின்றது. ஒட்ராண்டோ, உழவனாகத் தோன்றிய 'உண்மை' வாரிசிடம் சேர்கின்றது. எமிலி தன் நிலங்களை மீளப் பெறுகின்றாள். வதரிங் ஹைட்ஸ் பழைய குடும்பத்திடமே திரும்புகின்றது. தீய உடைமையாளன் ஒழிகின்றான்; உடைமை ஒழிவதில்லை. நோயை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த இலக்கியம், அதன் மூலத்தை மாத்திரம் பெயர் சொல்லி அழைக்கத் தயங்கிற்று.

6

முற்போக்கு வாசகருக்கு இவ்வாய்வினாற் பயன் யாது? திகிற்கதையை வாசிப்பவர் அனைவரும் உண்மையிலிருந்து தப்பியோடுகின்றனர் என்னும் கூற்று வரலாற்றோடு பொருந்தாது. 1844 முதல் வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் 'லண்டன் மர்மங்கள்' என்னும் தொடரை எழுதிய ரெயினோல்ட்ஸ், ஓநாய் மனிதனைப் பற்றியும் நாவல் எழுதியவர். அவரே 1848இல் சாசன இயக்க மேடைகளில் தொழிலாளருக்கு வாக்குரிமை கோரி முழங்கியவருமாவார். இந்த ரெயினோல்ட்ஸின் நாவல்களையே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் தழுவித் தமிழ் வாசகருக்கு அளித்தார். அத்தழுவல்களைப் பொழுதுபோக்கென ஒதுக்காது, மூலத்திலிருந்த வர்க்கக் கோபம் தமிழுக்கு வருகையில் எங்கே தங்கியது, எங்கே கைவிடப்பட்டது என ஒப்புநோக்குதல் பயனுள்ள பணியாகும்.

மக்கள் விரும்பி வாசித்த எழுத்தினை வெறுமனே கண்டிப்பதால் திறனாய்வு முன்னேறுவதில்லை. அச்சமும் வரலாறுடையது. எந்த அச்சத்தை, எவருடைய நலன் கருதி, எந்த எல்லைவரை ஒரு கதை பேசுகின்றது என்பதைப் பிரித்தறிவதே திறனாய்வாளரின் கடமையாகும்.